துப்பாக்கி முனையில் ஒரு 'பிரேக்': குழல் தாங்குமா?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2013ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றியது. எந்தெந்தப் பாகங்கள் இருந்தால் ஒரு துப்பாக்கியைத் 'தாக்குதல் ஆயுதம்' என்று கருதலாம் என்பதற்கு அதில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் 'மசில் பிரேக்' என்ற சொல்லும் இருந்தது.

சிக்கல் என்னன்னா, ஆங்கிலத்தில் எழுத்து மாறிப்போச்சு. வண்டியை நிறுத்தும் 'பிரேக்' வரவேண்டிய இடத்தில், 'உடைவது' என்று பொருள்படும் 'பிரேக்' வந்துவிட்டது.

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது வழக்கானது. 'அப்படி ஒரு பாகமே கிடையாது, சட்டம் என்ன சொல்கிறது என்றே புரியவில்லை' என்று சொல்லி, மாவட்ட நீதிமன்றம் 2013 டிசம்பரில் அந்தச் சொல்லைச் செல்லாது என்று அறிவித்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிப்பவை, எதைச் சொல்கிறார்கள் என்பது சாதாரண மனிதருக்கே புரியும் என்பது அதன் முடிவு.

எழுத்துப்பிழை வேடிக்கைதான். ஆனால் அந்தப் பிழையைத் தாண்டி, பொறியாளர்கள் உண்மையிலேயே கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பிரேக் பொருத்த வேண்டுமென்றால் குழலின் முனையில் எஃகைச் செதுக்க வேண்டும். செதுக்கினால் குழல் மெலியும். மெலிந்த குழல் தாங்குமா, உடையுமா?

தேசிய சேவையில் ரைஃபிளைக் கையில் பிடித்தவர்களுக்கும், பிடிக்கப்போகிறவர்களுக்கும் இது தூரத்துக் கேள்வி அல்ல. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மசில் பிரேக் என்றால் என்ன?

தோட்டா வெளியேறும் துப்பாக்கிக் குழலின் வாய்ப்பகுதிதான் 'மசில்'. சுடும்போது வெடிமருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயு தோட்டாவை முன்னே தள்ளுகிறது. தோட்டாவோடு சேர்ந்து வாயுவும் முன்னே பாய்வதால், துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தோளில் விழும் அந்த இடிதான் பின்னுதைப்பு.

மசில் பிரேக் என்பது குழல்வாயில் பொருத்தப்படும் துளைகள் உள்ள ஓர் உலோகத் துண்டு. முன்னே பாயும் வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் திருப்பிவிடும். வாயு அதன் சுவரில் மோதும்போது துப்பாக்கியை முன்னே இழுக்கும். அதனால் பின்னுதைப்பு குறையும்.

சிங்கப்பூர் ராணுவத்தின் பிரைமஸ் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நீண்ட குழலின் நுனியில் தடித்த ஒரு தலை இருக்குமே, அதுவும் மசில் பிரேக்தான்.

குழல்வாயில் பொருத்துபவை எல்லாம் பிரேக் அல்ல. மூன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்:

- மசில் பிரேக்: பின்னுதைப்பைக் குறைக்கும். ஆனால் சத்தம் பக்கவாட்டில் நிற்பவர் காதை இன்னும் பலமாகத் தாக்கும்.
- ஃபிளாஷ் ஹைடர்: குழல்வாயில் தெரியும் தீப்பிழம்பைக் குறைக்கும்.
- சப்ரசர்: வாயுவை உள்ளே அடக்கி, மெதுவாக வெளியேற்றிச் சத்தத்தைக் குறைக்கும். மூன்றிலும் இதுவே கனமானது.

வேலை வேறு வேறாக இருந்தாலும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பெரும்பாலும் குழலின் முனையில் மரை வெட்டித்தான் இவற்றை மாட்டுகிறார்கள். பேச்சுவழக்கில் 'மரை கழண்டுடுச்சு' என்று கிண்டல் செய்வோமே, அதே மரைதான்: திருகாணியில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

குழல்வாயில் மாட்டும் பொருள்கள் ஒரு காலத்தில் சிலருக்கு மட்டுமே. இப்போது அவை ராணுவங்களின் வழக்கமான சாதனமாக மாறி வருகின்றன.

அமெரிக்க ராணுவம் 2022 ஏப்ரலில் புதிய ரைஃபிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. இன்று அதன் பெயர் எம்7. 6.8 மில்லிமீட்டர் தோட்டா. சப்ரசரும் துப்பாக்கியோடு சேர்ந்தே வருகிறது. சப்ரசர் இல்லாமல் ஏறத்தாழ 3.8 கிலோ; மாட்டினால் ஏறத்தாழ 4.5 கிலோ. அதாவது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடை குழலின் நுனியில் தொங்குகிறது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது அழுத்தம். அந்தத் தோட்டா எரியும்போது உள்ளே உருவாகும் உச்ச அழுத்தம் 80,000 பிஎஸ்ஐ அளவுக்குப் போகலாம். அழுத்தமும் கூடுகிறது, முனையில் எடையும் கூடுகிறது. அப்படியானால் குழலின் தடிமன் பற்றிய கேள்வி திரும்ப வருவது இயல்புதானே?

குழலுக்குள் எவ்வளவு அழுத்தம்?

காரின் டயரில் ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். உலகின் பல ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில், அளக்கும் முறையைப் பொறுத்து, உச்ச அழுத்தம் 55,000 முதல் 62,000 பிஎஸ்ஐ வரை. டயரைப் போல் 1,600 மடங்குக்கும் அதிகம்.

ஆனால் இந்த அழுத்தம் குழல் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தோட்டா புறப்படும் அறைக்கு அருகில்தான் உச்சம். தோட்டா முன்னே நகர நகர வாயுவுக்கு இடம் கிடைக்கிறது. அழுத்தம் வேகமாகக் குறைகிறது. அதனால்தான் ரைஃபிள் குழல்கள் அறைப்பக்கம் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் ஒல்லியாகவும் இருக்கின்றன. தேவையில்லாத இடத்தில் எஃகை வைத்தால், அந்தக் கனத்தைச் சுமப்பது வீரர்தான்.

ஆனால் குறைகிறது என்றால் காணாமல் போகிறது என்று பொருள் அல்ல. நீளமான குழலில் தோட்டா வெளியேறும் நொடியில் இன்னும் பல ஆயிரம் பிஎஸ்ஐ மிச்சம் இருக்கும். குட்டைக் குழலில் அது 10,000ஐயும் தாண்டும். கடலில் கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் அது. மரை வெட்டப்படுவது அந்த இடத்தில்தான்.

மரை வெட்டினால் எவ்வளவு எஃகு மிஞ்சும்?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

5.56 ரைஃபிள்களில் பரவலாக உள்ள மரையின் வெளிவிட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மரையின் பள்ளம் ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைக் கழித்தால் மிஞ்சும் விட்டம் ஏறத்தாழ 11.6. நடுவில் தோட்டா போகும் துளை ஏறத்தாழ 5.7. மிச்சத்தை இரண்டாகப் பிரித்தால், ஒரு பக்கச் சுவரின் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

இப்போது அதே அரை அங்குல மரையை 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளில் வெட்டியதாக வைத்துக்கொள்வோம். துளை பெரிது, ஏறத்தாழ 7.8. சுவர் 1.9 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அதனால்தான் பெரிய தோட்டாக்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறத்தாழ 15.9 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை வழக்கத்துக்கு வந்தது. அதில் சுவர் மறுபடியும் 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிடுகிறது.

'எல்லா மரையும் ஒன்றுதானே, மாட்டினால் சரி' என்று நினைக்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே போதும்.

தடிமன் இரு மடங்கானால் பலமும் இரு மடங்கா?

இல்லை. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

தடித்த குழாயின் உள்ளே அழுத்தம் கொடுத்தால், சுவர் முழுவதும் சமமாகப் பாரம் சுமப்பதில்லை. உள்பக்கம்தான் அதிகம் சுமக்கிறது. வெளிப்பக்கம் போகப் போகச் சுமை குறைகிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கான சூத்திரத்தைத் தந்துவிட்டார். இன்றும் அழுத்தக் கலன்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சூத்திரப்படி பார்த்தால், 5.7 மில்லிமீட்டர் துளையுள்ள குழலின் சுவரை 3 மில்லிமீட்டரிலிருந்து 6 ஆக்கினால், உள்சுவரின் சுமை ஏறத்தாழ 25 விழுக்காடுதான் குறைகிறது. மீண்டும் இரட்டிப்பாக்கி 12 ஆக்கினால், குறைவது ஏறத்தாழ 12 விழுக்காடு மட்டுமே. எஃகைக் கூட்டிக்கொண்டே போகலாம், பலன் குறைந்துகொண்டே போகும்.

மறுபக்கத்தில், சுவர் மெலிய மெலியச் சுமை வேகமாக ஏறும். அந்த 1.9 மில்லிமீட்டர் சுவர், 3 மில்லிமீட்டர் சுவரைவிட 60 விழுக்காட்டுக்கும் அதிகச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் குழல் உடைந்துவிடுமா?

வழக்கமான சுடுதலில் உடையாது. இதை நேர்மையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாய்ப்பக்கம் 10,000 பிஎஸ்ஐ என்று வைத்தால், அந்த மெலிந்த சுவரில் விழும் சுமை ஏறத்தாழ 27,000. நல்ல குழல் எஃகு வளையத் தொடங்குவதற்கே 100,000க்கு மேல் வேண்டும். கணக்கில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு இடைவெளி இருக்கிறது.

'அப்போ என்ன பிரச்சினை?' என்று கேட்பீர்கள். அந்த இடைவெளி நல்ல நாளுக்காக வைத்தது அல்ல, கெட்ட நாளுக்காக வைத்தது.

- அடைப்பு: குழலுக்குள் சேறு, தண்ணீர், அல்லது பாதியில் நின்றுபோன முந்தைய தோட்டா. அடுத்த தோட்டா அதில் மோதும் இடத்தில் அழுத்தம் திடீரென்று எகிறும். குழல் அங்கே வீங்கலாம், வெடிக்கலாம்.
- கூரான மூலை: மரையின் பள்ளமும், மரை முடியும் இடத்திலுள்ள வெட்டும் கூராக இருந்தால், சுமை அங்கேயே குவியும். பல ஆயிரம் முறை சுட்டபின் விரிசல் தொடங்குவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.
- இழுவையும் எடையும்: ஒவ்வொரு முறை சுடும்போதும் பிரேக் மரையை முன்னே இழுக்கிறது. துப்பாக்கி கீழே விழுந்தாலோ எதிலாவது இடித்தாலோ, நுனியில் உள்ள எடை நெம்புகோல்போல் குழலை வளைக்கப் பார்க்கும்.
- கோணல்: மரைக்குப் பின்னால் உள்ள விளிம்பில்தான் பிரேக் உட்காருகிறது. குழல் ஒல்லியாக இருந்தால் அந்த விளிம்பும் குறுகலாகும். பிரேக் இம்மியளவு சாய்ந்தாலும் தோட்டா அதன் சுவரில் உரசிவிடும்.
- சூடு: தொடர்ந்து சுட்டால் குழல் பல நூறு டிகிரிக்குச் சூடாகும். சூடான எஃகு, குளிர்ந்த எஃகின் பலத்தோடு இருக்காது.

இவற்றில் ஒன்று மட்டும் நடந்தால் குழல் சமாளித்துவிடலாம். இரண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான், செதுக்கி எறிந்த அந்த ஒரு மில்லிமீட்டர் நினைவுக்கு வரும்.

தவறான இடத்தைத் தடிப்பாக்கிய கதை

தடிமனைக் கூட்டினால் போதாது, எங்கே கூட்டுகிறோம் என்பதும் முக்கியம். இதற்கு அமெரிக்காவின் எம்16 நல்ல பாடம்.

எம்16ஏ1 ரைஃபிளின் குழல் ஒல்லியானது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மரீன் படை அதை மேம்படுத்தி எம்16ஏ2வை உருவாக்கியது. பழைய குழல்கள் முன்பக்கத்தில் வளைந்துவிடுகின்றன என்ற கவலை அப்போது இருந்தது. அதனால் கைப்பிடி உறைக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் தடிப்பாக்கினார்கள். உறைக்கு உள்ளே இருந்த பகுதி ஒல்லியாகவே விடப்பட்டது.

வளைந்ததாக நினைத்த குழல்களில் பல உண்மையில் வளையவே இல்லை என்று பின்னர் விளக்கம் சொல்லப்பட்டது. வாயுத் துளைக்கு அருகில் தோட்டாவின் செம்பு படிந்து, சோதனைக் கம்பியைத் தடுத்திருக்கிறது. கம்பி போகவில்லை என்றதும், குழல் வளைந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆனால் தொடர்ந்து சுடும்போது அதிகம் சூடாவது கைப்பிடி உறைக்குள் இருக்கும் பகுதிதான். அதைத் தடிப்பாக்கிய குழல், சிறப்புப் படைகள் பயன்படுத்திய எம்4ஏ1 ரைஃபிளில்தான் வந்தது. 2010க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் தன் மற்ற எம்4 ரைஃபிள்களையும் படிப்படியாக அந்த வகைக்கு மாற்றத் தொடங்கியது.

ஆக, வீரர்கள் பல ஆண்டு காலம் கூடுதல் எஃகைச் சுமந்தார்கள். ஆனால் அந்த எஃகு அதிகம் தேவைப்பட்ட இடத்தில் இல்லை.

சிங்கப்பூரில் எப்படி?

உங்கள் அப்பாவோ மாமாவோ தேசிய சேவை செய்தவராக இருந்தால், எம்16எஸ்1 பற்றிக் கேட்டுப் பாருங்கள். எம்16ஏ1 வகையைச் சேர்ந்த அந்த ரைஃபிள் உரிமம் பெற்று இங்கேயே தயாரிக்கப்பட்டது. தயாரித்தது 1967இல் தொடங்கப்பட்ட சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் நிறுவனம்.

1999இல் அறிமுகமான எஸ்ஏஆர் 21, அதன் இடத்தைப் பிடித்தது. எஸ்ஏஆர் 21 'புல்பப்' வகை. அதாவது, தோட்டா வெடிக்கும் அறை சுடுபவரின் கன்னத்துக்கு அருகிலேயே இருக்கும். அங்கே ஏதாவது தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அழுத்தம் அளவு மீறினால் வாயு வெளியேற அறையில் ஒரு துளை இருக்கிறது. கன்னம் படும் பக்கத்தில் கெவ்லார் தகடு ஒன்றும் உண்டு.

குழலின் தடிமனை மட்டும் நம்பாமல், அது தோற்றால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ரேஞ்சில் சுடுவதற்கு முன் குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். அதட்டல் எரிச்சலூட்டலாம், ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது மேலே பார்த்த கணக்கு.

யார் முடிவு செய்வது?

ஒரு குழல் தாங்கும் என்று யார் சான்று தருவது? நாட்டுக்கு நாடு பதில் வேறு.

பிரிட்டனில் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பர்மிங்ஹாம் கூடம் 1813இல் தொடங்கியது. லண்டன் கூடம் அதைவிடப் பழையது. வழக்கமானதைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். ரைஃபிளுக்கு அந்தக் கூடுதல் அழுத்தம் பொதுவாக 25 விழுக்காடு. முத்திரை பெற்ற குழலில் பிறகு மரை வெட்டினால், அதை மறுபடியும் சோதிக்க வேண்டும். எஃகைச் செதுக்கிவிட்டால் பழைய சான்று அந்தக் குழலைப் பற்றியது இல்லை என்பதே அதன் பொருள்.

அமெரிக்காவில் அப்படிப்பட்ட அரசாங்கச் சோதனைச் சட்டம் இல்லை. துறை சார்ந்த நிறுவனங்கள் தாங்களே வகுத்த தரநிலைகளைப் பின்பற்றுகின்றன. அங்கே சட்டம் அதிகம் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி: குழல்வாயில் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது? 1994 முதல் 2004 வரை நடப்பில் இருந்த கூட்டரசுத் தடையிலும் ஃபிளாஷ் ஹைடர் பட்டியலில் இருந்தது. நியூயார்க்கின் எழுத்துப்பிழையும் அந்த வழியில் வந்ததுதான்.

சிங்கப்பூரில் கேள்வி இவ்வளவு தூரம் போவதே இல்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் தயாரிப்பதும் கடுமையான குற்றம். குற்றம் செய்யத் துப்பாக்கியால் சுட்டால் 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி மரண தண்டனை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்யும் மின்னிலக்க வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியது.

அந்தக் கட்டுப்பாடு முதலில் மற்றவர்களின் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் மேலே பார்த்த கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது: யாரும் சோதிக்காத குழலால் முதலில் ஆபத்து, அதன் பின்னால் முகத்தை வைத்திருப்பவருக்கே.

மனதில் வைக்க வேண்டியது

இணையக் காணொளிகளிலும் விளையாட்டுகளிலும் மசில் பிரேக் என்பது ஒரு பொத்தானை அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் அலங்காரப் பொருள்போல் வருகிறது. பின்னுதைப்பு குறையும், புள்ளி கூடும், அவ்வளவுதான்.

நிஜத்தில் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. பின்னுதைப்பு குறைந்தால் சத்தம் கூடும். மரை வெட்டினால் சுவர் மெலியும். சுவரைத் தடிப்பாக்கினால் எடை கூடும். எதை விட்டுக்கொடுப்பது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைக் கணக்குப் போட்டு, சோதித்து, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒருவர் இருக்க வேண்டும்.

நியூயார்க்கில் ஓர் எழுத்து மாறியதைச் சரிசெய்ய இரண்டு நீதிமன்றங்களும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் தேவைப்பட்டன. குழல்முனையில் ஒரு மில்லிமீட்டர் மாறினால், சரிசெய்ய அவ்வளவு நேரம் கிடைக்காது.